மன்னார் பொண்ணு விஷயமாக

கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்து நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம்.

இப்போது ஓர் உதவிக்காக எழுதுகிறேன். நீ வந்திருந்தபோது உப்பனாற்றைப் படகில் தாண்டி ஒரு திட்டுக்குப் போய் நெத்திலிக் கருவாடு வாங்கினோமே, அந்த வீட்டுப் பெண்ணை நாட்டை விட்டு அனுப்பப் பார்க்கிறார்கள். 2008-ல் இலங்கையில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது அங்கே மன்னாரிலிருந்து படகில் வந்து தனுஷ்கோடியில் இறங்கியவள். உங்கள் மண்டபம் பக்கம் மீன் தொழிலுக்குப் போயிருந்த திட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு 2011-ல் இங்கே வந்துவிட்டாள். அதனால் அகதி முகாம் பட்டியலில் பேர் எடுபட்டுப் போயிற்று. கையிலிருந்த காகிதமெல்லாம் அந்த டிசம்பர் தானே புயலில் கூரையோடு போயிற்று.

பெரியவனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்கப் போனவள், பிறந்த ஊர் மன்னார் என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். இந்த மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட், விசா காட்ட வேண்டுமாம். அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? தாயும் தகப்பனும் சண்டையிலேயே போய்விட்டார்கள்.

இந்தியரைக் கல்யாணம் செய்தவர்கள் ஏழு வருஷம் இங்கே இருந்தால் குடியுரிமை கேட்கலாம் என்று 1955 சட்டம் சொல்கிறது. ஆனால் பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவர்கள் சட்டவிரோதக் குடியேறிகளாம், அவர்கள் கேட்க முடியாது. பக்கத்து நாடுகள் சிலவற்றிலிருந்து அப்படி வந்தவர்களுக்கு வழி விட்ட 2019 திருத்தத்திலும் இலங்கையைச் சேர்க்கவில்லை. அதைவிடக் கொடுமை, 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குத் தாய் தகப்பனில் ஒருவர் அப்படி வந்தவராக இருந்தால், இங்கே பிறந்தும் குடியுரிமை இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பனோடு உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் எடுத்துப் போடுகிறான் அந்தப் பயல். அவனை எந்த நாட்டுக்காரன் என்பது? எனக்கு மனசு ஆறவில்லை.

ஊர் அவளைக் கைவிடவில்லை. பஞ்சாயத்தார் கூடி, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு வக்கீல் செலவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மீன்பாடு இல்லாத நேரத்தில் இது பெரிய காரியம்.

வக்கீல் ஒரு வழி சொல்கிறார். 2025 செப்டம்பரில் புதிய வெளிநாட்டினர் சட்டம் வந்தபோது கூடவே ஒரு விலக்கும் கொடுத்தார்கள். 2015 ஜனவரி 9 வரை வந்து அகதியாகப் பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்று வழக்குப் போட்டுத் தண்டிக்க முடியாது. குடியுரிமைக்கு அது உதவாது, சரி. ஆனால் அவளை அனுப்பக்கூடாது என்று நீதிமன்றத்தில் தடை கேட்க ஒரு பிடி கிடைக்கும். அதற்கு 2008-ல் அவள் பதிவான காகிதம் வேண்டும்.

நீ மண்டபம் முகாமில் வேலை பார்த்த ஆள். பழைய பதிவேடு எந்த அறையில், யார் பொறுப்பில் இருக்கும் என்று உனக்குத் தெரியும். அவள் பேர், தகப்பன் பேர், வந்து இறங்கிய மாதம் எல்லாம் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போட வேண்டுமென்றால் அவள் புருஷனையே அனுப்புகிறேன், தங்க மட்டும் இடம் கொடு. கடிதம் கண்டதும் போன் செய்.

உன் பழைய தோழன்