முடி மாத்திரையும் காப்பீட்டுப் பரிசோதனையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவக் காப்பீட்டுக்காக ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் வெறும் வயிற்றில் போக மறப்பதில்லை. தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று விழுங்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையைத்தான் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். 10 மில்லிகிராம் மாத்திரை அதைப்போல 300 மடங்குக்கும் மேல்!

மிஞ்சியது சிறுநீரில் போய்விடும், உண்மைதான். அதற்குள் ரத்தம் எடுத்தால் வம்பு. பல ஆய்வகக் கருவிகள், பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்வதை வைத்தே அளக்கின்றன. ரத்தத்தில் மிதக்கும் உபரி பயோட்டின் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். குறைவாகவும் தைராய்டு ஹார்மோன் கூடுதலாகவும் அச்சாகி வரும். இல்லாத தைராய்டு நோய் கோப்பில் ஏறிவிடும். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்து தெரிவது இன்னும் ஆபத்து.

குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள். அளவு மிகப் பெரிதென்றால் எத்தனை நாள் என்று மருத்துவரைக் கேளுங்கள். மல்டிவைட்டமினுக்குள்ளும் இது ஒளிந்திருக்கும்; லேபிளில் வைட்டமின் பி7 என்றும் தேடிப் பாருங்கள். மாத்திரை மட்டுமல்ல, முந்தைய நாள் ஜிம்மில் கடுமையாக எடை தூக்கினாலும் ஏ.எஸ்.டி. என்ற நொதி ஏறி, கல்லீரல் கோளாறு போலத் தெரியும்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். விண்ணப்பத்தில் அதை மறைக்கவும் வேண்டாம். பிற்பாடு கிளெய்ம் மறுக்கப்பட அதுவே காரணமாகிவிடும்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வகப் பணியாளர்