கருவிக்கு நிதி உண்டு, இயக்குபவருக்கு?

ஆசிரியருக்கு,

மூளை ஆய்வு பற்றிச் செய்தி வந்தால் கூடவே ஒரு புது மைக்ரோஸ்கோப்பின் படமும் விலையும் வந்துவிடுகின்றன. அதை இயக்கும் ஆளைப் பற்றி ஒரு வரி இருக்காது. பல ஆய்வுக் குழுக்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஒரு கூடத்தில் அந்த வேலை பார்ப்பவள் என்பதால் எழுதுகிறேன்.

எங்களிடம் மைக்ரோஸ்கோப்புகளும் மரபணு வெளிப்பாட்டை, அதாவது எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை, அளக்கும் கருவிகளும் அடுத்தடுத்த அறைகளில் இருக்கின்றன. திசுவை அரைத்து ஆர்.என்.ஏ.வை (மரபணு வேலை செய்யும்போது செல்லில் உருவாகும் அதன் நகல்) பிரித்தால், வேலை செய்யும் மரபணுக்களின் பட்டியல் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். எந்தச் செல்லில், எந்த அடுக்கில் என்பது போய்விடும். மைக்ரோஸ்கோப் இடத்தைக் காட்டும். ஆனால் வழக்கமான முறையில் ஒரே ஸ்லைடில் சில மரபணுக்களைத்தான் பார்க்க முடியும். ஆகவே இரண்டும் வேண்டும், அதுவும் பக்கத்திலேயே வேண்டும். சி-ஃபாஸ் என்ற மரபணுவைப் பாருங்கள். நரம்புச் செல் தூண்டப்பட்டு சுமார் 30 நிமிடங்களில் அதன் ஆர்.என்.ஏ. உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கும். எடுத்த திசுவை உடனே உறையவைக்காமல் வேறு கட்டடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், அளப்பது மூளை செய்ததையா, தாமதம் செய்ததையா என்றே தெரியாது.

சரி, கருவிகளைப் பக்கத்தில் வைத்தாயிற்று. அப்புறம்? ஒரு மாணவர் முதியவர் ஒருவரின் மூளைத் திசுவை 10 மைக்ரான் தடிமனில் சீவி, ஒரு மரபணுவின் ஆர்.என்.ஏ.வில் மட்டும் ஒட்டி ஒளிரும் சாயமேற்றிக் கொண்டுவந்தார். கன்ஃபோகலின் (லேசர் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் மைக்ரோஸ்கோப்) திரையில் செல்களுக்குள் புள்ளி புள்ளியாக மின்னியது. ஒவ்வொன்றும் ஓர் ஆர்.என்.ஏ. மூலக்கூறு என்று எண்ணத் தொடங்கிவிட்டார். சாயம் என்றால் அதற்குரிய நிறத்தில்தான் தெரிய வேண்டும், லேசரை மாற்றிப் பார்க்கச் சொன்னேன். பச்சையில் தெரிந்த அதே புள்ளி, சிவப்பிலும் அதே இடத்தில். அது லிப்போஃபஸ்சின், வயதாக ஆக நரம்புச் செல்களில் சேரும் நிறமி, சாயமே இல்லாமல் ஒளிரும். சாயமேற்றாத ஒரு ஸ்லைடை முதலில் வைத்துப் பார்ப்பது எங்களுக்குக் கைப்பழக்கம். புதிதாக வருபவருக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

சொல்லித்தர ஆள் நிலைப்பதில்லை. கிரையோஸ்டாட்டில் (உறைந்த திசுவை மெல்லிசாகச் சீவும் குளிர்க் கருவி) மடிப்பு விழாமல் சீவத் தெரிந்த எங்கள் சக ஊழியர், ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிட்டார். இப்போது ஆளுக்கொரு வெப்பநிலையில் சீவுகிறார்கள். மழுங்கிய பிளேடை அடுத்தவருக்கு விட்டுப் போகிறார்கள். (கையுறையோடு போனையும் எடுத்துப் பேசுகிறார்கள். ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி நம் தோலிலேயே இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.)

நிதி தருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கருவிக்கு ஒதுக்கும்போதே, அது ஓடும் காலம் முழுவதற்கும் இயக்குபவரின் சம்பளத்தையும் பராமரிப்புச் செலவையும் சேர்த்து எழுதுங்கள். ஆய்வாளர்களுக்கும் ஒன்று. கட்டுரையின் நன்றிப் பகுதியில் கூடத்தின் பெயரை விடாமல் போடுங்கள். அடுத்த ஆண்டு நிதி கேட்டுப் போகும்போது நாங்கள் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தக் கட்டுரைகளைத்தான்.

இப்படிக்கு,
பொது ஆய்வுக்கூட மைக்ரோஸ்கோப் பிரிவு ஊழியர்