பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரிடம் கட்டணம் கேட்காதீர்கள்: சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சுகாதார அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். சென்ற மாதம் சிங்கப்பூரில் உள்ள பொது மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணுக்குத் துணையாகத் தொண்டூழியர் என்ற முறையில் சென்றிருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து இல்லப் பணிப்பெண்ணாக வந்தவர் அவர். தீங்கிழைத்தவரோ, அவர் வேலை செய்த வீட்டுக்கு உறவினராக வந்துபோகிறவர். மருத்துவரும் தாதியரும் மிகுந்த கனிவோடு நடந்துகொண்டதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன். கட்டணம் செலுத்தும் முகப்புக்கு வந்தபோதுதான் துன்பம் மீண்டும் தொடங்கியது.

எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தைச் சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள்கள் விடாமல் உட்கொள்ள வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. வெளிநாட்டவர் என்பதால் மானியமில்லாத முழுக் கட்டணமும் அவர்மேல் விழுந்தது. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு என்பதால், முதலாளியை அழைக்கலாமா என்று முகப்பு ஊழியர் கேட்டார். அவர் விதிப்படிதான் கேட்டார். ஆனால், எந்த வீட்டிலிருந்து அந்தப் பெண் தப்பி வந்தாரோ அந்த வீட்டின் தொலைபேசி எண்ணையே அந்த விதி அவரிடம் கேட்டது. வேண்டாம் என்று மறுத்தவர், கையிலிருந்த பணத்துக்கு எத்தனை நாள் மாத்திரை வருமோ அத்தனை மட்டும் தருவார்களா என்று என்னிடம் கேட்டார். பாதி மருந்து பாதிப் பாதுகாப்பைத் தராது என்று அந்த நிலையில் அவருக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. மீதிப் பணத்தை நண்பர்கள் சேர்ந்து கட்டினோம். துணைக்கு எவருமின்றி வருகிறவருக்கு யார் கட்டுவார்கள்?

ஆகவே எங்கள் கோரிக்கை இது: சிகிச்சை, தொற்றுத் தடுப்பு மருந்து, அவசரக் கருத்தடை, தடயவியல் பரிசோதனை ஆகிய அனைத்தின் செலவையும் அரசாங்கமே ஏற்க வேண்டும், காவல்துறையில் புகார் கொடுத்தாரா, எந்த நாட்டுக் கடப்பிதழ் வைத்திருக்கிறார் என்பவற்றை அதற்கு நிபந்தனையாக்கக் கூடாது.

பாதிக்கப்பட்டவரை ஒரே இடத்தில் பரிசோதித்துத் தடயம் சேகரிக்க 2017ல் தொடங்கிய ஒன்சேஃப் நிலையம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது புகார் கொடுத்தவர்களுக்கானது. உடலிலுள்ள தடயமோ, புகார் கொடுக்க ஒருவருக்குத் துணிவு வரும்வரை காத்திருப்பதில்லை. மணவாழ்வில் நிகழும் வன்புணர்ச்சிக்கு இருந்த சட்ட விலக்கை 2020 ஜனவரி 1 முதல் முழுமையாக நீக்கினோம். அப்படிப் பாதிக்கப்பட்ட மனைவியின் கட்டணச் சீட்டு, அதே கணவர் கடிதப்பெட்டியைத் திறக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அவர் கதி என்ன? முன்வந்து பேசுங்கள் என்று ஊரெங்கும் சொல்லிவிட்டு, வந்தவரிடம் பணம் கேட்பது நியாயமாகப் படவில்லை.

இது இயலாத காரியமும் அன்று. கொவிட்-19 காலத்தில், இங்கே தொற்றுக்கு ஆளான நீண்டகால அனுமதி பெற்ற வெளிநாட்டவர் உட்படப் பலரின் மருத்துவமனைச் செலவை அரசாங்கம் ஏற்றது. அந்தப் பெண் புறப்பட்டு வந்த இந்தியாவில், தனியார் மருத்துவமனைகளும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்று 2013லேயே சட்டமாக்கிவிட்டார்கள். வசதி படைத்த நம் நாட்டில் அவர் மாத்திரையை எண்ணிக் கேட்க நேர்ந்ததை நினைத்தால், வேதனையோடு கோபமும் வருகிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். பாதிக்கப்பட்டவரிடமோ அவருடைய முதலாளியிடமோ குடும்பத்திடமோ இந்தக் கட்டணத்தைக் கேட்காதிருக்க ஆணையிட்டு, அதற்கான நிதியை அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தின்போது அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சமூகத் தொண்டூழியர்
சிங்கப்பூர்