முன்னிலை என்று போடும்போது எத்தனையாவது சுற்று என்றும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாக்கு எண்ணிக்கைக்கு முந்தைய ராத்திரி வடசென்னையில் யாரும் சீக்கிரம் படுப்பதில்லை. எம்.சி. ரோட்டில் கடையை இழுத்துப் பூட்டுகிறவர்கள் முதல், விடிவதற்குள் காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள் வரை எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான். 2016-ல் ஓட்டுப் போட்ட மூன்றாம் நாள் முடிவு வந்துவிட்டது. 2021-ல் 26 நாள் காத்திருந்தோம். 2024 மக்களவைத் தேர்தலில் ஏப்ரல் 19-ல் பொத்தானை அழுத்திவிட்டு ஜூன் 4 வரை 46 நாள். இத்தனை நாள் பொறுத்திருந்தவர்களுக்குக் காலை 8 மணி அடித்துப் பத்து நிமிடத்தில் கிடைப்பது என்ன? ‘இன்னார் முன்னிலை’ என்ற இரண்டு வார்த்தை. எதில் முன்னிலை, எத்தனை வாக்கு எண்ணியதில் முன்னிலை என்று ஒருவரும் சொல்வதில்லை. தொலைக்காட்சியில் மட்டுமல்ல, பத்திரிகைகளின் இணையப் பக்கங்களிலும் இதே கதைதான். அதைப் பார்த்து ஒரு தெருவில் வெடி வெடிக்கிறார்கள், பக்கத்துத் தெருவில் முகம் வாடிவிடுகிறது. பத்து மணிக்கு இரண்டும் தலைகீழாக மாறுகிறது. உடனே ‘மிஷின்ல ஏதோ பண்ணிட்டாங்க’ என்று வதந்தி கிளம்புகிறது. இந்த வதந்திக்குப் பாதிக் காரணம் செய்தி வரும் முறைதான். அதை மாற்றுவது உங்களைப் போன்ற பத்திரிகைகளின் கையில் இருக்கிறது.

8 மணிக்கு முதலில் எண்ணுவது தபால் வாக்குகளை. தேர்தல் நடத்தும் அலுவலரின் பொறுப்பில் நடக்கும் அந்த வேலை மெதுவாகத்தான் நகரும். ஒவ்வொரு வெளி உறையையும் பிரித்து, உள்ளே 13ஏ உறுதிமொழிப் படிவம் இருக்கிறதா, அதில் வாக்காளர் கையெழுத்தும் சான்றளித்தவர் கையெழுத்தும் இருக்கிறதா, படிவத்தில் உள்ள வாக்குச்சீட்டு வரிசை எண்ணும் உள் உறையின் மேல் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒன்று தவறினாலும் உள் உறையைப் பிரிக்காமலேயே தள்ளுபடி. ராணுவத்தில் இருப்பவர்களின் வாக்குகளுக்கு கியூஆர் கோடு ஸ்கேன் வேறு. இந்த வாக்குகளைப் போட்டவர்கள் யார்? தேர்தல் பணியில் இருந்த அரசு ஊழியர்கள், காவலர்கள், ராணுவத்தினர், வீட்டிலிருந்தே வாக்களித்த முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள். தொகுதியின் மொத்த வாக்கில் இது சிறு துளி. கொருக்குப்பேட்டையோ வியாசர்பாடியோ என்ன நினைக்கிறது என்பதற்கு இந்தத் துளியில் பதில் கிடையாது. எட்டேகால் மணி ‘முன்னிலை’ முழுக்க இதை வைத்துத்தான் வருகிறது.

அதற்காகத் தபால் வாக்கு அற்ப விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. 2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 வாக்கு. தள்ளுபடியான தபால் வாக்குகள் 203. சான்றளித்த கையெழுத்து செல்லுமா, செல்லாதா என்ற ஒரு கேள்விதான் வழக்கானது. 2019-ல் அந்தத் தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ண உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தள்ளுபடியான தபால் வாக்குகளைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், அவற்றை மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும் என்பது இப்போதைய விதி. ஆகவே தபால் வாக்குகளைத் தனி வரியில், ‘தபால் வாக்கு மட்டும்’ என்று போடுங்கள். தள்ளுபடி எத்தனை என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

எட்டரை மணிக்கு மின்னணு எந்திரங்கள் மேசைக்கு வரும். தபால் வாக்கு முடிய வேண்டும் என்று இதற்குக் காத்திருப்பதில்லை. ஆனால் 2025 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் கொண்டுவந்த மாற்றத்தின்படி, தபால் வாக்குகளை எண்ணி முடிக்காமல் எந்திரத்தின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்கக் கூடாது. எந்திரச் சுற்றுகள் விறுவிறுவென்று போய் முடியும் தறுவாயில் நின்றுவிட்டால், பெரும்பாலும் இதற்காகத்தான் நின்றிருக்கும். அந்த ஒரு வரிச் செய்தி அரை மணி நேர வதந்தியைத் தடுக்கும்.

வாக்கு எண்ணும் கூடம் ஒன்றில் வழக்கமாக 14 மேசை. தேர்தல் ஆணையம் அனுமதித்தால் கூடுதலாகவும் போடலாம். ஒரு மேசைக்கு ஒரு வாக்குச்சாவடியின் எந்திரம். 14 மேசையும் முடிந்தால் ஒரு சுற்று. கணக்குப் போடுவது சுலபம். 2017 டிசம்பர் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். சாவடிகள் 258. 14-ஆல் வகுத்தால் 18 முழுச் சுற்று, மீதி 6 சாவடி. ஆக 19 சுற்று. பத்தொன்பதாவது சுற்றில் எட்டு மேசை காலியாகத்தான் இருக்கும். ‘கடைசிச் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்பவர்கள் அந்தச் சுற்றில் எத்தனை சாவடி என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். அதே தேர்தலில் 59 வேட்பாளர்கள். நோட்டாவோடு 60. ஒரு வாக்குப்பதிவு அலகில் 16 பெயர்தான் அடங்கும் என்பதால் சாவடிக்கு நான்கு அலகு இணைத்தார்கள். எண்ணும்போது ஒவ்வொரு எந்திரத்திலும் 60 எண்ணிக்கை ஒவ்வொன்றாக ஓடும், வேட்பாளர் சார்பில் கூடத்தில் இருக்கும் முகவர் 60-ஐயும் எழுத வேண்டும். வேட்பாளர் கூடினால் சுற்று ஏன் இழுக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

மேசையில் நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ச் சொன்னால் வாசகர்களுக்குப் பல சந்தேகம் தீரும். வாக்காளர் அழுத்திய நீலப் பொத்தான் அலகு அங்கே வராது. வாக்குகளைப் பதிந்து வைத்திருக்கும் கட்டுப்பாட்டு அலகு மட்டும்தான் வரும். ஒரு மேற்பார்வையாளர், ஓர் உதவியாளர், ஒரு நுண் பார்வையாளர் என்று மூன்று பேர் மேசையில். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் வேட்பாளர்களின் முகவர்கள். பெட்டியைத் திறந்ததும் அலகின் எண்ணையும், பச்சைக் காகித முத்திரையின் எண்ணையும் 17சி படிவத்தோடு ஒப்பிடுவார்கள். இந்த 17சி, வாக்குப்பதிவு அன்று மாலை சாவடித் தலைமை அலுவலர் எழுதிக் கையெழுத்திட்ட கணக்கு. அதன் நகலை முகவர்களுக்கும் கொடுத்திருப்பார்கள். பிறகு மொத்த வாக்கைப் பார்க்கும் பொத்தான். 17சி-யில் 648 என்றால் எந்திரமும் 648 காட்ட வேண்டும். அதன்பிறகுதான் ‘முடிவு’ பொத்தானை மூடியிருக்கும் முத்திரையைத் துளைத்து அழுத்துவார்கள். வேட்பாளர் 1, இத்தனை. வேட்பாளர் 2, இத்தனை என்று எண்கள் ஒளிரும். உதவியாளர் அலகைத் தூக்கி வலைப் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும். தெரியவில்லை என்றால் மறுபடி அழுத்தச் சொல்லலாம். முகவர்கள் இதைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

எங்கே இடறும் என்பதும் தெரிந்ததுதான். வாக்குப்பதிவு அன்று காலை, முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்காவது மாதிரியாகப் போட்டுப் பார்த்து, பிறகு அதை அழிக்க வேண்டும். அழிக்க மறந்தால் எந்திரம் 17சி-யைவிட அதே அளவு கூடுதலாகக் காட்டும். 648-க்குப் பதில் 698 என்று வந்தால் பெரும்பாலும் இந்த மறதிதான். மாலையில் வாக்குப்பதிவை முடிக்கும் பொத்தானை அழுத்தாமல் விட்டிருந்தால் முடிவு வராது. சில அலகுகளில் திரையே எரியாது. இப்படிப்பட்டவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதை எண்ணிக்கொண்டே போவார்கள். கடைசியில், ஒதுக்கிய எந்திரங்களின் வாக்கு வெற்றி வித்தியாசத்தை மாற்றக்கூடியதாக இருந்தால் அந்தச் சாவடியின் ஒப்புகைச் சீட்டுகளை, அதாவது ஓட்டுப் போட்டதும் விவிபாட் எந்திரம் அச்சிட்ட சீட்டுகளை, எண்ணுவார்கள். ‘மூன்று மிஷின் ஒதுக்கிவிட்டார்கள்’ என்று மட்டும் செய்தி வந்தால் கலவரம்தான். எந்தச் சாவடி, என்ன காரணம், அதில் எத்தனை வாக்கு என்று மூன்றையும் சேர்த்துப் போட்டால் யாரும் கொதிக்கமாட்டார்கள்.

அடுத்து, சுற்றுக்கும் ஊருக்கும் உள்ள உறவு. சாவடி எண் வரிசையில்தான் எந்திரங்கள் மேசைக்கு வருகின்றன. அடுத்தடுத்த எண்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துத் தெருக்கள். ஆகவே முதல் நான்கு சுற்று என்பது தொகுதியின் ஒரு மூலைதான். பெரம்பூர் தொகுதி என்றால் கொடுங்கையூரும் அதில்தான், வியாசர்பாடியும் அதில்தான். திருவொற்றியூர்த் தொகுதியில் எண்ணூர்க் குப்பத்து ஓட்டும் தேரடி ஓட்டும் ஒரே மாதிரி விழ வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஒரு வேட்பாளர் ஐந்தாம் சுற்று வரை ஏறி, ஆறாம் சுற்றிலிருந்து இறங்கினால் எந்திரம் மாறவில்லை, ஏரியா மாறியிருக்கிறது. சாவடிப் பட்டியல் பொதுவில் கிடைப்பதுதான். அதை 14, 14 ஆகப் பிரித்து, ‘சுற்று 1: இன்ன தெருக்கள்’ என்று ஓர் உள்ளூர் நிருபர் ஒரே நாளில் அட்டவணை போட்டுவிடலாம். பழைய தேர்தலின் சுற்றுக் கணக்கை மட்டும் எடுத்து ஒட்டாதீர்கள். ஒரு சாவடிக்கு 1,500 வாக்காளர் என்ற வரம்பு இப்போது 1,200 ஆகியிருக்கிறது. சாவடியும் சுற்றும் மாறியிருக்கும்.

அமெரிக்காவில் கட்சிகள் தங்கள் வேட்பாளரையே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க ‘பிரைமரி’ தேர்தல் நடத்துகின்றன. பதிவு முடிந்த அன்று இரவே எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அங்கும் தபால் வாக்கால் இதே ஏற்ற இறக்கம் உண்டு. புளோரிடாவில் தபால் உறைகளை முன்கூட்டியே சரிபார்த்து வைத்திருப்பார்கள், அதனால் அவை முதலிலேயே வந்துவிடும். பென்சில்வேனியாவில் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் உறையைத் தொடவே சட்டம் விடாது, அதனால் அவை பின்னால் வரும். ஆனால் 1848-லிருந்து தேர்தல் கணக்கு சேகரிக்கும் அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனம், வேட்பாளர் வாக்குக்குப் பக்கத்திலேயே, எதிர்பார்க்கும் மொத்த வாக்கில் எத்தனை சதவீதம் எண்ணியாயிற்று என்றும் போடுகிறது. அவர்களுக்கு அந்த மொத்தம் ஒரு மதிப்பீடு. நமக்கோ 17சி இருக்கிறது; எந்திரங்களில் பதிவான மொத்த வாக்கு, எண்ணும் முன்பே ஒன்று கூடக் குறையாமல் தெரியும். இவ்வளவு நல்ல கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஏன் அதைப் போடுவதில்லை?

போட்டால் வாசகரே தீர்ப்புச் சொல்லிவிடுவார். உதாரணத்துக்கு, சாவடிக்குச் சராசரி 650 வாக்கு விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 9,100. 19-ல் 4 சுற்று முடிந்து ஒருவர் 3,000 வாக்கு முன்னால் இருந்தால், எண்ணியது 36,400. இன்னும் 1,30,000-க்கு மேல் பாக்கி. அது முன்னிலையே அல்ல, தொடக்கம். அதே 3,000 பதினெட்டாம் சுற்று முடிவில் என்றால், பாக்கி 6 சாவடி, 3,900 வாக்கு. அதில் கிட்டத்தட்ட 3,500 எதிராளிக்கே விழுந்தால்தான் மாறும். முதலாவதுக்கு வெடி வாங்கக் கூடாது, இரண்டாவதுக்கு வாங்கலாம். 2021-ல் தியாகராய நகரில் வித்தியாசம் வெறும் 137 வாக்கு என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு வாங்கட்டும்.

தொலைக்காட்சி ஓர் எண்ணும் தேர்தல் ஆணையத்தின் இணையதளம் வேறோர் எண்ணும் காட்டுவதற்கும் பெரிய மர்மம் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஆணையம் அனுப்பிய பார்வையாளர் குலுக்கலாக இரண்டு எந்திரங்களை எடுத்துத் தனியாகச் சரிபார்த்து, அட்டவணையில் அலுவலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது இணையத்துக்கு ஏறும். முகவர்கள் மேசையில் எழுதிய கணக்கு அதற்கு முன்பே வெளியே வந்துவிடுகிறது. ஆணையத்தின் எண் பின்தங்கியிருக்கலாம், ஆனால் நம்ப வேண்டியது அதைத்தான்.

கடைசிச் சுற்று முடிந்தும் அறிவிப்பு வராமல் மணிக்கணக்கில் ஆவது இன்னொரு பதற்றம். 2019 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஐந்து சாவடிகளைக் குலுக்கிப் போட்டு எடுத்து ஒப்புகைச் சீட்டுகளை எண்ண வேண்டும். திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் என்று ஆறு சேர்ந்த வடசென்னை மக்களவைத் தொகுதிக்கு 30 சாவடி. வங்கிக் காசாளர் கூண்டு மாதிரி வலை போட்ட இடத்தில், சின்னச் சின்னச் சீட்டுகளை வேட்பாளர் வாரியாக அறைத்தட்டுகளில் பிரித்து, 25, 25 ஆகக் கட்டி எண்ணுவார்கள். ஒரு சாவடி முடிந்துதான் அடுத்தது. எந்திரத்துக்கும் சீட்டுக்கும் வித்தியாசம் வந்தால் சீட்டின் கணக்கே செல்லும். மறு எண்ணிக்கை கேட்பவர், முடிவை முறைப்படி அறிவிப்பதற்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும்; அந்த நேரத்தில் முகவர்கள் கூடத்தைவிட்டுக் கலைந்துபோய்விடுவதுதான் சின்னக் கட்சிகளும் சுயேச்சைகளும் செய்யும் பெரிய தவறு.

எண்ணிக்கைக்கு முந்தைய நாள் காலைப் பதிப்பில் வடசென்னைத் தொகுதிகளுக்கு மட்டுமாவது அரைப் பக்கம் ஒதுக்குங்கள். தொகுதி, சாவடிகள், மேசைகள், மொத்தச் சுற்று, கடைசிச் சுற்றில் எத்தனை சாவடி, பதிவான வாக்கு, எந்தச் சுற்றில் எந்தத் தெருக்கள். சுற்றுக்குச் சுற்று எழுதிக்கொள்ள வெற்றுக் கட்டமும் இருக்கட்டும். டீக்கடைக்காரர்கள் அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் ஒரு பேனாவையும் கட்டித் தொங்கவிட்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
வாக்காளர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 600 021.