பாபநாசம் ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு

அம்மாவின் வாய்ப் புற்றுநோய் ஆபரேஷன் உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ரத்தம் கொடுத்த பிள்ளைகள், எங்கள் குறுவை அறுப்பைத் தங்கள் அறுப்பாக முடித்துக்கொடுத்த பங்காளிகள், மூக்குக் குழாயில் விடுவதற்குக் கஞ்சியை வடிகட்டிக் கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அத்தை, வார்டு சிஸ்டர்கள், எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடு. ஆனால் இந்த மடல் ஒருவருக்காக.

ஆபரேஷனில் எடுத்த சதையைச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று, சென்னை மாமாவுக்கு அனுப்பக் காப்பி எடுக்கப் போனேன். கழுத்தில் எடுத்த 28 நெறிக்கட்டில் ஒன்றில்கூட நோய் இல்லை என்று இருந்தது. அதனால் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டாம் என்று வீட்டில் முடிவே கட்டியிருந்தோம். கண்ணாடியில் வைக்கப்போன தாளை நிறுத்தி, "இன்னொண்ணு எங்க தம்பி?" என்றார் கடைக்காரர். அடுத்தவர் ரிப்போர்ட்டை இவர் ஏன் படிக்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது.

"படிக்கலப்பா. கீழ 1/2ன்னு போட்டிருக்கு பாரு."

கவுண்டரில் தந்ததே ஒரு தாள்தான். தலைப்பில் இருந்த நம்பருக்கு அவரே போன் போட்டு, என்னிடம் கொடுத்து, வாட்ஸப்பில் வரவழைத்து, பிரிண்ட் எடுத்துத் தந்தார். வாங்கியது ஆறு ரூபாய். பெயர் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

விஷயமெல்லாம் அந்த இரண்டாம் தாளில் இருந்தது. கட்டியின் ஆழம் 8 மி.மீ., கட்டியைச் சுற்றி வெட்டியெடுத்த நல்ல சதை ஒரு பக்க விளிம்பில் 3 மி.மீ.தான், நரம்பைச் சுற்றியும் பரவியிருக்கிறது. விளிம்பில் 5 மி.மீ.யாவது நல்ல சதை வேண்டுமாம். நரம்பைப் பிடித்துக்கொண்டு நோய் வாய்க்கால் தண்ணீர் மாதிரி நகருமாம். ஆபரேஷன் செய்த டாக்டரும் கதிர்வீச்சு டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, கரண்ட் வைத்துவிடுவதே நல்லது என்றார்கள். வாரம் 5 நாள், மொத்தம் 30 நாள். ஆபரேஷனிலிருந்து 6 வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். கரண்ட் வைத்தபிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம் என்பதால், சொத்தைக் கடைவாய்ப் பல் இரண்டை முதலிலேயே எடுத்து, புண் ஆற இரண்டு வாரம் விட்டார்கள். அந்தத் தாள் பத்து நாள் கழித்துக் கிடைத்திருந்தால் என்று நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

வெற்றிலைச் செல்லத்தைப் பரணில் போடச் சொன்னது அம்மாவேதான். பரணில் என்ன, ஆற்றிலேயே விட்டுவிட்டேன். இனி புகையிலை எங்கள் வாசற்படி ஏறாது.

திங்கட்கிழமை ஆரம்பம். கொஞ்ச மாதத்துக்கு ருசி தெரியாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் ஒரு டிகிரி காப்பி வேண்டும் என்று குழறிக் குழறிக் கேட்டாள். இன்று காலை நன்றாக ஆற்றிக் கொடுத்தோம். அரை டம்ளர் இறங்கியது.