மூஸ் வேட்டைக்கு மக்னம் துவக்குத்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் மூஸ் என்ற பெரிய காட்டு மானின் வேட்டை பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். இலையுதிர் காலத்தில் நம்மவர்களும் வடக்கு ஒன்ராறியோக் காடுகளுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள், அதைப் பற்றித் தமிழில் யாராவது எழுத மாட்டார்களா என்று ஏங்கியவன் நான், அதனால் முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மூஸுக்கென்று தனியாகத் துவக்குச் செய்விப்பவர்கள் கூடுதல் வெடிமருந்து அடைத்த பெரிய மக்னம் ரவையைத்தான் தெரிவுசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் மிருகம் காயத்தோடு ஓடிவிடும் என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். இதை நம்பி எத்தனை பெடியள் காசைக் கொட்டப் போகிறார்களோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

மூஸ் காயத்தோடு ஓடுவது பெரும்பாலும் ரவை சிறிதாக இருப்பதால் அல்ல, சன்னம் (ரவையில் இருந்து பாய்ந்து போகும் குண்டு) படவேண்டிய இடத்தில் படாததால். அது ஏன் படவில்லை என்று கேட்டால், பல நேரம் பதில் துவக்கு தோளில் கொடுக்கும் உதையில்தான் இருக்கும். இலேசான துவக்கில் 338 வின்செஸ்டர் மக்னத்தைப் போட்டுச் சுடுபவர், கொஞ்ச நேரத்திலேயே விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடித் தோளை முன்னே தள்ளப் பழகிவிடுவார், அது அவருக்கே தெரியாது. சந்தேகமாக இருந்தால் சுடுதளத்தில் நண்பரிடம் சொல்லி, மருந்தில்லாத போலி ரவை ஒன்றை உங்களுக்குத் தெரியாமல் துவக்கின் ரவைப் பெட்டியான மகசினில் கலந்து போடச் சொல்லுங்கள். அது வரும்போது வெடிச் சத்தமும் இல்லை, உதையும் இல்லை, ஆனாலும் குழல்முனை துள்ளிக் கீழே போகும். அந்தத் துள்ளல் 100 மீற்றரில் மூஸின் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி.

அடுத்தது, எங்கே சுடப் போகிறோம் என்பது. கோக்ரன், ஹேர்ஸ்ட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கறுப்பு ஸ்புரூஸ் மரங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும், நடுவில் சதுப்பு, பீவர்கள் அணைகட்டிய குட்டைகள், மரம் வெட்டிய வெளிகள். அழைப்பொலி கொடுத்து ஆண் மூஸை வரவைத்தால் அது கிட்டத்தான் வந்து நிற்கும். 400 மீற்றருக்கு அப்பால் சுடும் மலைநாட்டு வேட்டை வேறு, இது வேறு. இங்கே வேண்டியது வேகம் அல்ல, பாரமான, அகலமான சன்னம். குறுக்கே ஒரு சுள்ளி பட்டால் எந்தச் சன்னமும் வழிமாறும், அதற்கு மருந்தில்லை, ஆனால் தோள் எலும்பை உடைத்து மறுபக்கம் வெளியே வரும் சன்னம் இரத்தத் தடத்தை விட்டுப் போகும். நெஞ்சறையில் சரியாகப் பட்ட மூஸ்கூடச் சில வேளை விழாமல் அப்படியே நிற்கும், அல்லது மெதுவாகச் சதுப்புக்குள் இறங்கிவிடும். 400 கிலோவைத் தாண்டிய உடலை இடுப்பளவு தண்ணீரில் இருந்து வெளியே எடுப்பது என்னவென்று அதைச் செய்தவர்களிடம் கேளுங்கள்.

இதற்காகத்தான் 8.5 முதல் 9.5 மில்லிமீற்றர் வரை அகலமுள்ள நடுத்தரக் குழல்கள் இருக்கின்றன. அவற்றுக்கான ரவைகளில் எனக்குப் பிடித்தது 9.3×62. பெர்லினில் துவக்குச் செய்த ஓட்டோ பொக் என்பவர் 1905 இல் இதை வடிவமைத்தார். அப்போது ஜேர்மன் ஆட்சியில் இருந்த ஆபிரிக்கப் பகுதிகளில் குடியேறிய விவசாயிகளுக்கு, விலை குறைந்த, சாதாரண நீளமுள்ள மவுசர் 98 துவக்கின் அக்சனுக்குள் (ரவையை ஏற்றி வெடிக்க வைக்கும் உலோகப் பாகத்துக்குள்) அடங்கும் பலமான ரவை ஒன்று தேவைப்பட்டது. 18.5 கிராம் சன்னம், செக்கனுக்கு ஏறக்குறைய 720 மீற்றர் வேகம். சுவீடனில் இன்றும் இதை வைத்து மூஸ் சுடுகிறார்கள், அங்கே இருப்பதும் இங்கே இருப்பதைப் போன்ற காடுதான். அமெரிக்காவில் இதற்கு நெருங்கிய உறவு 35 வீலன், 1922 இல் 30-06 என்ற வழக்கமான ரவையின் கோதின் (உலோகக் கூட்டின்) கழுத்தை அகலமாக்கிச் செய்தது.

இரண்டுக்கும் பொதுவான நன்மை இதுதான்: 30-06 க்கான அக்சனே போதும். கோதின் அடி விளிம்பு கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் ரவையைப் பூட்டும் போல்ட்டில் கைவைக்க வேண்டியதில்லை, குழலை மாற்றி, ரவை அமரும் சேம்பரை அளவுமானியால் சரிபார்த்து, மகசினில் இருந்து ரவை தடையில்லாமல் ஏறுகிறதா என்று பார்த்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது. 375 எச் அண்ட் எச் என்ற பெரிய ரவைக்கு ஆசைப்பட்டால் நீளமான மக்னம் அக்சன் தேட வேண்டும், அதன் விலையும் பாரமும் வேறு. குழல் 22 அங்குலம் தாராளம். அகலமான குழலில் நீளத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் வேகம் அதிகம் விழாது, அடர்ந்த காட்டில் கைக்கும் சுகம். 35 வீலன் செய்விப்பவர்கள் சன்னத்தைச் சுழற்றும் குழல் உள்வரிகளின் முறுக்கைக் கேட்டு எழுதி வாங்குங்கள், ரெமிங்டன் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று விற்றது, பாரமான சன்னம் போடுவதென்றால் 14 அல்லது 12 நல்லது.

மிச்சப்படும் காசு எல்லாம் கைப்பிடிக்கும், தோளில் அணைக்கும் மரக்கட்டையான சோங்குக்கும் போகட்டும். பலர் மரத்தின் அழகைப் பார்த்து மயங்குகிறார்கள், உள்ளே உலோகம் எப்படி இருத்தப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை. நண்பர் ஒருவர் வாங்கிய பழைய 9.3 ஐக் கழற்றிப் பார்த்தபோது, அக்சனின் வால் முடியும் இடத்தில், பின் திருகாணி ஓரத்தில் இருந்து மரத்தில் கை பிடிக்கும் ஒடுங்கிய பக்கமாக மயிரிழை அளவில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. எண்ணெய் ஊறிக் கறுத்திருந்ததால் வெளியே இருந்து பார்த்தால் மரத்தின் கோடு என்றே நினைப்பீர்கள். அக்சனின் அடியில் உதையைத் தாங்கும் உலோகக் கட்டிக்குப் பின்னால் மரம் நசிந்து போனதால், ஒவ்வொரு வெடிக்கும் உலோகம் பின்னே வந்து வால் ஆப்பு மாதிரி மரத்தைப் பிளந்திருக்கிறது. நடுத்தரக் குழல் துவக்குகளுக்கு இது வழக்கமான வியாதி. கட்டியை எபொக்சியில் உறுதியாக இருத்தி, குறுக்கே ஓர் இரும்பு ஆணி போட்டு, வாலுக்குப் பின்னால் தடித்த காகிதம் நுழையும் அளவு இடைவெளி விடச் சொல்லுங்கள். நல்ல கன்ஸ்மித் (துவக்குச் செய்பவர்) நீங்கள் சொல்லாமலே செய்வார்.

சோங்கின் நீளத்தை ஜூலை மாதம் ரீசேட்டோடு நின்று அளக்க வேண்டாம். வேட்டைக்குப் போவது குளிரில், உள்ளே கம்பளி, மேலே தடித்த ஜாக்கெட், அதற்கும் மேலே செம்மஞ்சள் அங்கி. விசையில் இருந்து சோங்கின் முடிவு வரை பதின்மூன்றரை அங்குலம் என்பது வழக்கமான அளவு, நம்மில் பலருக்கு அந்த உடுப்போடு அது நீளம், துவக்கை உயர்த்தும்போது கமக்கட்டில் சிக்கும். முழு உடுப்போடு போய் அளவு கொடுங்கள். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பும் பெரிதாக வேண்டாம், ஒன்றரை அல்லது இரண்டில் தொடங்கி ஆறு ஏழு மடங்கு வரை போதும், ஆனால் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒன்பது பத்து சென்ரிமீற்றர் இருக்கட்டும், இல்லையென்றால் புருவம் கிழியும். ஸ்கோப்பும் ரவையும் சேர்த்து மொத்தப் பாரம் நாலு கிலோவைச் சுற்றி இருந்தால், சுமக்கவும் முடியும், உதையும் தாங்கும். இதைவிட இலேசாகச் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். 200 மீற்றரில் குறி சரிசெய்த 9.3, 300 மீற்றரில் ஒரு சாணுக்கு மேலேயே இறங்கிவிடும். வடக்கே சிறிய ஊர்க் கடையில் 30-06 ரவை இருக்கும், 9.3×62 இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது, அதனால் வீட்டிலிருந்தே எடுத்துப் போக வேண்டும், முடிந்தால் சொந்தமாக ரவை நிரப்பப் பழக வேண்டும். இதுதான் முதல் துவக்கு என்றால் எதையும் செய்விக்காதீர்கள், கடையில் ஒரு 30-06 வாங்கி இரண்டு மூன்று பருவம் சுடுங்கள், அதுவே மூஸுக்குப் போதும். எப்படியான இடத்தில் சுடுகிறோம், எது தோளுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகுதான் தனியாகச் செய்விப்பதில் அர்த்தம் இருக்கிறது.

சுவீடன் கம்பனியான ஹஸ்க்வர்னாவின் பழைய துவக்குகளைத் தேடுபவர்களுக்கு ஒன்று. அந்தக் கம்பனி 9.3×57 என்ற குட்டை ரவைக்கும் நிறையத் துவக்குச் செய்தது. காசு கொடுக்க முன்னர் குழலில் பொறித்திருப்பதை வாசியுங்கள், பொறித்தது தெளிவில்லாவிட்டால் சேம்பரை அச்செடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் கட்டுரை தொடவில்லை. குழல் நீளம் என்று வெட்டக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்: வெட்டிய பிறகு குழல் 457 மில்லிமீற்றருக்கோ முழு நீளம் 660 மில்லிமீற்றருக்கோ குறைந்தால் அது கனடாவில் தடைசெய்யப்பட்ட துவக்கு, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 10,000 யூலுக்கு மேல் சக்தியோடு சன்னத்தைச் செலுத்தக்கூடிய துவக்குகளைத் தடைசெய்து 2020 இல் வந்த வரம்பைப் பற்றிப் பயப்படுபவர்கள் இருக்கிறார்கள், 9.3×62 அதில் பாதியைக்கூடத் தொடாது. இன்னொருவரிடம் துவக்கு வாங்குவதென்றால் 2022 மே மாதத்தில் இருந்து துவக்குப் பதிவாளரிடம் உங்கள் உரிமத்துக்கான உறுதி எண் எடுத்த பிறகே கைமாற்ற முடியும்.

அடுத்த முறை இந்த விடயம் எழுதும்போது சன்னத்தையும் சேர்த்து எழுதுங்கள். மூஸ் இறைச்சியை நாம் தனியே சாப்பிடுவதில்லை, சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போகிறது, சின்னப் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். வேகமான மக்னத்தில் போகும் மெல்லிய ஈயச் சன்னம் உள்ளே சிதறி, காயத்தைச் சுற்றிய இறைச்சியை இரத்தம் கட்டிக் கெடுத்துவிடும், ஈயத் துகளும் தங்கும். 9.3 இல் சிதறாத முழுச் செப்புச் சன்னம் கிடைக்கிறது, 250 கிறெயின் (ஏறக்குறைய 16 கிராம்), விலை கூடத்தான். மூஸ் சுடும் நாளில் செலவாவது ஒன்றோ இரண்டோ, அந்தச் செலவைப் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஸ்காபரோ