ஆற்றங்கரைத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குச் செயற்குழுவின் அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர்க் காலாங் ஆற்று முகத்துவாரத்தில், நம் சங்கக் கட்டடத்துக்கும் நீர் விளிம்புக்கும் இடையே பழைய படகுப் பட்டறையின் சிமெண்டுத் தளமாகக் கிடந்த முற்றத்தைக் கரைத்தோட்டமாக மாற்றும் திருப்பணி நிறைவடைந்தது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். கூரை மாற்றப்பட்டது, மின்கம்பிகள் புதிதாக இழுக்கப்பட்டன, முனீஸ்வரர் சன்னதிக்கு வண்ணம் பூசப்பட்டது. இவை குறித்த நாளில், குறித்த தொகைக்குள் முடிந்தன. செலவு கூடியதும் காலம் நீண்டதும் மண் வேலையில்தான். சென்ற பொதுக்கூட்டத்தில் எழுந்த கேள்விகளும் அதைப் பற்றியவையே என்பதால், இவ்வறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

இளைய உறுப்பினர்களுக்காக இந்த இடத்தின் பழமையைச் சிறிது சொல்லவேண்டும். ரோச்சோர், காலாங், கேலாங் ஆறுகள் வந்து சேரும் இந்தப் படுகையைச் சுற்றி மரம் அறுக்கும் ஆலைகளும் படகுப் பட்டறைகளும், தஞ்சோங் ரூ பக்கம் கரிக் கிடங்குகளும் இருந்தன. 1862இல் தொடங்கி 1998 வரை இயங்கிய காலாங் எரிவாயு ஆலையில் நம் முன்னோர் பலர் உழைத்தார்கள். சிங்கப்பூர் ஆறும் காலாங் படுகையும் பத்தாண்டுக்குள் தூய்மையாகவேண்டும் என்று 1977இல் பிரதமர் லீ குவான் இயூ விடுத்த அறைகூவல் 1987இல் நிறைவேறியபோது, ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டிருந்தன. பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் கரையோரப் பட்டறைகளும் அகன்றிருந்தன. நம் முற்றத்திலும் பட்டறை போயிற்று. தளம் மட்டும் தங்கிற்று. அதற்கு அடியில் கிடந்ததை அதன்பின் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

ஒப்பந்தத்துக்கு முன் இரண்டு இடங்களில் துளையிட்டுப் பார்த்தபோது, மேலே நிரப்பு மண்ணும் கீழே சாம்பல் நிறக் கடற்களிமண்ணுமே வந்தன. இந்தக் களிமண் படிவத்துக்குப் புவியியலார் வைத்த பெயரே காலாங் என்பதால் அதில் புதுமை ஏதுமில்லை. ஆனால் தளத்தை உடைத்துக் கரைப் பக்கமாகத் தோண்டத் தொடங்கியதும், இயந்திரத்தின் வாளியில் தார் படிந்த படகுப் பலகைகள் வரத் தொடங்கின. பலகைகளின் இணைப்பில் திணித்திருந்த நார் அப்படியே கெட்டியாக இருந்தது. துருவேறிய ஆணிகள் விரல் தடிமனில் நீட்டிக்கொண்டு நின்றன. அதற்கும் கீழே பாக்காவ் எனப்படும் அலையாத்தி மரக்கழிகள் நெருக்கமாக அடிக்கப்பட்டிருந்தன. கழிகளுக்கு இடையிலிருந்த மண் கறுத்துப்போய், தொட்டால் விரலில் எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டியது. அதைச் சாதாரண மண்ணாகக் கொட்டக்கூடாது என்று ஆய்வுக்கூட அறிக்கையும் சொன்னது.

அந்த மண்ணின்மேல் சரளை பரப்பி மூடிவிடலாம், அல்லது தனிக் கட்டணத்துக்கு அள்ளிச் செல்லலாம் என்று ஒப்பந்தக்காரர் இரண்டு வழிகளைச் சொன்னார். மூடியிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும், அதைக் கொண்டு மண்டபத்தை விரிவாக்கியிருக்கலாம் என்பது சில உறுப்பினர்களின் மனக்குறை. செயற்குழு மூடுவதற்கு இசையவில்லை. இன்றும் அந்த முடிவில் உறுதியாக நிற்கிறது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் இந்தப் படுகை கடலோடு சேர்ந்ததன்று. தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கின் மழைநீர் வந்து தேங்கும் நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதி. நம் வீட்டுக் குழாய்க்கு வரும் நீரில் இதற்கும் பங்குண்டு. நாம் அமைத்திருக்கும் மழைத்தோட்டம், முற்றத்தில் விழும் நீரை மணலுக்குள் இறக்கி, வடிகட்டி, துளைக்குழாய் வழியே ஆற்றுக்கு அனுப்புவது. அதன் அடியில் எண்ணெய் ஊறிய மண்ணை விட்டுவைத்தால், பெய்யும் ஒவ்வொரு மழையும் அந்த அழுக்கைக் குடிநீரில் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

தகராறு அதன்பிறகே வந்தது. அள்ளிய மண்ணுக்கும், வேலையின்றி நின்ற இயந்திரங்களின் வாடகைக்கும், மழையில் நிரம்பிய குழியின் நீரைத் தெளியவைத்து வெளியேற்றிய செலவுக்கும் சேர்த்து ஒப்பந்தக்காரர் ஒரு பெருந்தொகை கேட்டார். கட்டுமான வேலைக்கான பணம் தாமதமின்றிக் கிடைக்க வழிசெய்யும் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முறையான கோரிக்கையும் அனுப்பினார். உரிய காலத்தில் எழுத்து மூலம் பதில் தராவிட்டால், பிறகு நடுவர் முன்னிலையில் நம் காரணங்களை எடுத்துவைக்கவே வழியிராது. ஒப்பந்தப்படி நமக்கு இருந்த 21 நாள்களுக்குள், பொருளாளர் லாரிச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, காவலாளியின் வாயில் பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பதிலைத் தயாரித்தார். எடைச் சீட்டு உள்ள மண்ணுக்கு முழுப்பணம் தர ஒப்புக்கொண்டோம். சீட்டே இல்லாத லாரிகளுக்கு ஒரு வெள்ளிகூடத் தர முடியாது என்றோம். ஆய்வுக்கூட முடிவு வரும்வரை வேலையை நிறுத்தச் சொன்னது நாமே ஆகையால், அந்தக் காலத்து இயந்திர வாடகையை மட்டும் ஏற்றோம். கட்டுமான இடத்திலிருந்து வெளியேறும் நீரில் மிதக்கும் துகள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது ஒப்பந்தப்புள்ளி கேட்பதற்கு வெகுகாலம் முன்பே நடப்பிலுள்ள விதி. குழி நீரைத் தெளியவைக்கும் செலவு அவருடைய விலைக்குள் அடங்கியது என்பதால் அதை முற்றாக மறுத்தோம். நடுவரிடம் போகாமலே அவர் பேச்சுக்கு வந்தார். கேட்ட தொகையில் பாதிக்கும் குறைவாகவே கணக்கு தீர்ந்தது.

ஒப்பந்தக்காரர் செயற்குழு உறுப்பினர் ஒருவருக்கு உறவினர் என்ற பேச்சு எங்கள் காதுக்கும் எட்டியது. அது எங்களை மிகவும் வருத்தியது. விலைப்புள்ளிகள் அனைத்தும் உறுப்பினர்கள் முன்னிலையில் பிரிக்கப்பட்டவை. குறைந்த விலை கேட்டவருக்கே வேலை தரப்பட்டது. குழுவில் எவருக்கும் அவரோடு எந்த உறவும் இல்லை.

அலையாத்தி மரங்களை ஏன் நடவில்லை என்று மூத்த உறுப்பினர்கள் கேட்டார்கள். அவர்கள் சிறுவயதில் பார்த்த கரை அது; அந்த ஆசையை மதிக்கிறோம். ஆனால் அணைக்கட்டுக்குப் பின் இங்கே உப்பும் இல்லை, ஏற்றவற்றமும் இல்லை. அலையோடு விதை பரப்பிச் சேற்றில் காலூன்றும் மரங்கள் அசையாத நன்னீரில் காடாகத் தழைக்கமாட்டா. எனவே நீர் விளிம்பில் சம்பும் கோரையும், சற்று மேலே தாழையும், மேட்டில் பூவரசும் புன்னையும் வைத்தோம். இதே ஆற்றின் மேல்பகுதியில், பீஷான் - அங் மோ கியோ பூங்காவில், 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாய் 2012இல் வளைந்தோடும் ஆறாக மாறியதைக் கண்டவர்கள், செடிகள் வேர்பிடிக்கும்வரை கரை வெறிச்சென்றிருப்பதைப் பொறுத்துக்கொள்வார்கள் என நம்புகிறோம்.

கூடுதல் செலவைத் தாங்கியவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க இயலாது. எரிவாயு ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், செம்பவாங் கப்பல் பட்டறையில் ஓய்வுபெற்ற அன்பர்களும், தேக்கா சந்தைக் காய்கறிக் கடைக்காரர்களும், சிராங்கூன் சாலைப் பூக்கடை, மளிகைக்கடை, நகைக்கடை உரிமையாளர்களும், வார விடுமுறையில் வந்து நாற்று நட்டதோடு உண்டியலிலும் போட்டுச் சென்ற கட்டுமானத் தொழிலாளர் தம்பிமாரும், மகளிர் பிரிவின் உணவுச் சந்தையில் தோசை வார்த்த அக்காமாரும், பெயர் வேண்டாம் என்று சொல்லிக் காப்பை விற்ற பணத்தைக் கொடுத்த மூதாட்டியும் இப்பணியைத் தாங்கினார்கள். பெயரை வெளியிட இசைவு தந்தவர்களின் பெயர்கள் கூடத்துப் பலகையில் அகரவரிசையில் இருக்கின்றன. தொகையின் அளவைப் பார்த்து வரிசை வைக்கவில்லை.

எஞ்சிய பற்றாக்குறை சேமநிதியிலிருந்து ஈடுசெய்யப்பட்டது. அதனால் மண்டபக் குளிர்சாதனம் மாற்றும் வேலை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. ஒப்பந்தக்காரரின் பிடித்தத்தொகையில் பாதி நம்மிடமே உள்ளது. படித்துறை ஓரத்தில் தாழ்ந்திருக்கும் இரண்டு கற்களைச் சரிசெய்தபின்பே அது விடுவிக்கப்படும். தணிக்கை செய்த கணக்கும் லாரிச் சீட்டுகளும் ஆய்வுக்கூட அறிக்கையும் அலுவலகத்தில் இருக்கின்றன. சனிக்கிழமை மாலைகளில் உறுப்பினர் எவரும் வந்து பார்க்கலாம்.

இங்ஙனம்,
செயற்குழுவினர்